உப்பளத்துக் கங்காணியும் மிஸ்டர் தியோவின் சட்டமும்

போன வாரம் கெல்லிவில்லில் இருந்து நிவேதா போன் எடுத்தாள். சிட்னியில் பல நாட்டுப் படங்களைக் காட்டுகிற தொலைக்காட்சி நிலையம் ஒன்றில், தமிழ்ப் படங்களுக்கு ஆங்கில சப்டைட்டில் எழுதுகிற வேலை பார்த்தவள் நான். நான் ஓய்வு பெற்ற பிறகு என் கதிரையில் வந்து உட்கார்ந்த பிள்ளை அவள். கெட்டிக்காரி. சந்தேகம் வந்தால் மட்டும் என்னைக் கூப்பிடுவாள், சுகம் விசாரிப்பது போலத் தொடங்குவாள்.

இப்போதெல்லாம் சப்டைட்டிலை முதலில் மெஷின் எழுதுகிறதாம். அவள் அதைத் திருத்தினால் போதுமாம். "ஆன்ட்டி, பாட்டு வந்தா மெஷின் ஒரு மியூசிக் குறி மட்டும் போட்டுட்டு விட்டுடுது. மேனேஜரும் அப்படியே இருக்கட்டும்ங்கறார். விட்டுடலாமா?" என்று கேட்டாள்.

கூடாது என்று ஒரு சொல்லில் சொல்லியிருக்கலாம். வேலை நாட்களில் மற்றவர்கள் பேசியதை எல்லாம் இரண்டு வரிக்குள் வெட்டி வெட்டி வைத்தவள் நான். அதற்கு வட்டியும் முதலுமாக இப்போது பேசுகிறேன் என்று என் கணவர் சொல்வார். அடுப்பில் ஏதாவது இருந்தால் அணைத்துவிட்டு வந்து உட்கார் பிள்ளை என்றேன். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன்.

நான் இந்த வேலைக்கு வந்தது படிப்பால் அல்ல. யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த புதிதில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் நின்றேன். இரண்டு மொழியும் நன்றாகத் தெரிந்த ஆள் தேவை என்று யாரோ சொல்ல, போய் ஒரு சோதனை எழுதினேன், எடுத்துவிட்டார்கள். முதல் இரண்டு வருடமும் வெட்டத்தான் படித்தேன். எங்கள் படங்களில் ஒரு தாய் மகனைத் திட்டத் தொடங்கினால் நிறுத்த மாட்டாள். அதில் பத்தில் ஒரு பங்குதான் திரையின் அடியில் கொள்ளும். மிச்சத்தை அவளுடைய முகம் பார்த்துக்கொள்ளும் என்பார் மிஸ்டர் தியோ.

மிஸ்டர் தியோ எங்கள் பகுதித் தலைவர். மெல்பனில் பிறந்து வளர்ந்த கிரேக்கர். தகப்பன் மீன் பொரித்து விற்கிற கடை வைத்திருந்தாராம், மகன் பல்கலைக்கழகத்தில் பழைய கிரேக்க நாடகம் படித்தார். துன்பியல் என்பது தன்னுடைய பூட்டன் கண்டுபிடித்துக் குடும்பத்துக்கு எழுதிவைத்த காணி போலத்தான் பேசுவார். என்னை யோகம் என்று பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். இந்த நாட்டில் மேலதிகாரியையும் அப்படியே பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். எனக்கு வாய் வரவில்லை. "தியோ" என்று சொல்லிப் பார்ப்பேன், முன்னால் ஒரு "மிஸ்டர்" தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். கொஞ்ச நாளில் பக்கத்து மேசையில் அரபுப் படங்களைப் பார்க்கும் சமீராவும் அப்படியே கூப்பிடத் தொடங்கிவிட்டாள்.

அவர் ஒருநாளும் "பிழை" என்று சொன்னதில்லை. கையில் உள்ள பென்சிலை மேசையில் வைப்பார், அவ்வளவுதான். வைத்த சத்தம் கேட்டால் எழுதியவர் வரியை மாற்றிவிட வேண்டும். ஏன் என்று நாங்களாகவே கண்டுபிடிக்க வேண்டும். திட்டியிருந்தால்கூடச் சுகமாக இருந்திருக்கும்.

அவரிடம் இரண்டு சட்டங்கள் இருந்தன. முதலாவது, முடித்த படத்தை அவர் சத்தத்தை முழுதாக நிறுத்திவிட்டுத்தான் பார்ப்பார். காது கேட்காமல், அந்த மொழியும் தெரியாமல் ஒருவர் பார்த்தால் கதை விளங்க வேண்டும், அதுதான் எங்கள் வேலைக்குப் பரீட்சை. மங்கலான அறையில், கதாநாயகி வாயைத் திறந்து மூட, வில்லன் சத்தமில்லாமல் சிரிக்க, நாங்கள் எல்லோரும் சாவீட்டில் இருப்பது போல் இருப்போம். இரண்டாவது, பாட்டுக்கு சப்டைட்டில் கிடையாது. பாட்டு காதுக்கு உரியது, அடியில் எழுத்து ஓடினால் கண் காதை வேலை செய்ய விடாது என்று அவரே எழுதி, கையெழுத்தும் போட்டு, சுவரில் ஒட்டியிருந்தார்.

இந்த இரண்டாவது சட்டத்தை நாங்கள் தலையில் வைத்துக் கொண்டாடினோம். ஒரு தமிழ்ப் படத்தில் ஐந்தாறு பாட்டு வரும். அத்தனையும் வேலை மிச்சம். பாட்டுக்கு அறிகுறி தெரிந்ததுமே என் கை பொத்தானுக்குப் போய்விடும். வயலினைக் கேட்கும் முன்னமே அடுத்த காட்சிக்கு ஓட்டிவிடுவேன். சமீராவும் அப்படித்தான். மிஸ்டர் தியோவோ, பரீட்சை பார்க்கும்போது, பாட்டு வந்தால் பையில் இருந்து ஒரு மாண்டரின் பழத்தை எடுத்து உரிப்பார். தோல் அறாமல் ஒரே சுருளாக வர வேண்டும் என்று அவருக்கு ஒரு பிடிவாதம். தோல் முடியவும் பாட்டு முடியவும் சரியாக இருக்கும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அவர் ஒரு திட்டம் கொண்டுவந்தார். உலகத் துன்பியல் படங்கள் என்று ஆறு படம், ஆறு சனிக்கிழமை, மாலைச் செய்தி முடிந்த கையோடு. எந்த மொழிக்காரரும் தங்கள் படத்தை முன்மொழியலாம். எனக்குக் கை பரபரத்தது. அதுவரை நான் எழுதிய படங்களை எல்லாம் நிலையம் போட்ட நேரத்தில் விழித்திருந்தவர்கள் பேக்கரிக்காரரும் கைக்குழந்தைகளும்தான். ஊர் விழித்திருக்கும்போது ஒரு தமிழ்ப் படம் ஓட வேண்டும் என்று எனக்குப் பெரிய ஆசை.

நான் தெரிந்தெடுத்தது ஒரு பழைய படம். பெயர் சொல்ல மாட்டேன், சொன்னால் பார்த்தவர்கள் எல்லோரும் சண்டைக்கு வருவார்கள். தூத்துக்குடிப் பக்கத்து உப்பளம் ஒன்றில் ஒரு கங்காணி. கறாரானவன், சொல் தவறாதவன். அவனுடைய தம்பி தொழிலாளரைச் சேர்த்து, வாசலில் முதலாளியின் லாரியை மறித்து, வேலைநிறுத்தம் செய்கிறான், பிறகு ஒளிந்துகொள்கிறான். தம்பியைப் பேசிச் சமாதானம் செய்ய வேண்டும், இடத்தை மட்டும் சொல் என்று முதலாளி கேட்கிறார். அண்ணன் நம்பி, விரலை நீட்டி, தம்பி இருக்கிற பழைய பண்டகசாலையைக் காட்டுகிறான். அன்றே தம்பி செத்துப்போகிறான். அதன் பிறகு அண்ணன் உப்புப் பாத்திகளுக்கு நடுவே தனியாக நடக்கிற ஒரு நீண்ட காட்சி. கடைசியில், தம்பி மறித்து நின்ற அதே வாசலில் முதலாளியின் லாரி அவனை மோதுகிறது. படம் முடிகிறது.

மிஸ்டர் தியோ சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார். சமீராவும் நானும் பின்னால் இருந்தோம். கடைசி வரை பென்சில் மேசைக்கு வரவில்லை. எனக்கு நம்பிக்கை வந்தது. நீண்ட நடை வந்தபோது மாண்டரினை எடுத்தார், உரித்தார், பாதியைச் சமீராவிடம் நீட்டினார். நிமிர்ந்தபோது லாரி வந்துகொண்டிருந்தது. படம் முடிந்து விளக்குப் போட்டதும் பென்சிலை மேசையில் வைத்தார்.

பிறகு பொறுமையாக விளக்கினார். கிரேக்கரின் பழைய துன்பியல் இலக்கணப்படி நாயகன் உயரத்தில் இருக்க வேண்டும், நல்லவனாக இருந்தும் தன் பிழையாலேயே விழ வேண்டும், விழும்போது அது தன் பிழை என்று அவனுக்கே தெரிய வேண்டும். நவீன இலக்கணம் கொஞ்சம் தாராளம். அரசன் வேண்டாம், கூலிக்காரனும் போதும், ஆனால் தன் மானத்துக்காகத் தன்னையே கொடுக்கத் துணிய வேண்டும். இதில் இவன் எந்தப் பக்கம் என்று கேட்டார்.

இரண்டு பக்கமும்தான் என்றேன். உப்பளத்தில் கங்காணியை விட உயரத்தில் யார் இருக்கிறார் என்று வாதாடினேன். அதை ஒத்துக்கொண்டார். பிழையையும் ஒத்துக்கொண்டார். "ஆனால் தான் காட்டிக் கொடுத்ததால்தான் தம்பி செத்தான் என்று அவனுக்கு எங்கே தெரிகிறது? ஒரு வரி காட்டுங்கள். தெரியாவிட்டால் அந்த வாசலில் அவன் நிற்பதற்கு அர்த்தமே இல்லை. லாரி வந்தது, அடித்தது. யோகம், அவன் நாயகன் இல்லை. பாவம், அவ்வளவுதான்."

நான் எழுதிய வரிகளை எல்லாம் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். அப்படி ஒரு வரிகூட இல்லை. தம்பி செத்த பிறகு அந்த மனுஷன் வாயே திறக்கவில்லை. செவ்வாய்க்கிழமை வரை நேரம் தருகிறேன், வேறு படம் இருந்தால் கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போனார்.

பாவம் என்ற அந்தச் சொல் எனக்குச் சுட்டது. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் இந்த நாட்டுக்கு வந்த நாளில் இருந்து எங்களைப் பற்றி எல்லோரும் சொன்னது அதைத்தான். பிஸ்கட் தொழிற்சாலையில், பள்ளிக்கூட வாசலில், டாக்டர் வீட்டில், நான் எங்கிருந்து வந்தேன் என்று சொன்னதும் தலையைச் சரித்துப் பாவம் என்பார்கள். எங்களில் தெரிந்தே நின்றவர்களும் இருந்தார்கள், தெரிந்தே பிழை விட்டவர்களும் இருந்தார்கள். லாரி வருகிற பாதையில் தற்செயலாக நின்ற கூட்டமாக எங்களைப் பார்ப்பதை நான் வெறுத்தேன். படத்திலாவது ஒருவன் அப்படி இல்லை என்று காட்ட வேண்டும் என்று இருந்தது.

இதற்குள் வீட்டில் வேறொரு கூத்து. பஸ் அட்டவணை போடுகிற கந்தோரில் வேலை செய்தவர் என் கணவர் குணம். எந்தச் செய்தியையும் நேரத்துக்கு முன்னமே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார். படத்தை முன்மொழிந்திருக்கிறேன் என்று நான் சொன்னதை, படம் வருகிறது என்று வெள்ளிக்கிழமை மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில் பிரசாத வரிசை முழுக்கச் சொல்லிவிட்டார். அன்று இரவே மெல்பனில், பொயிண்ட் குக்கில் இருக்கிற அவருடைய தங்கை பவானி போன் எடுத்து, எத்தனை மணிக்குப் படம் என்று கேட்டாள். முருகன் வேலோடு போனாலும் இந்த மனுஷனுடைய வாயைத் தாண்டிப் போக முடியாது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் இருந்து திரும்பும்போது கார் தரிப்பிடத்தில் வாகனங்கள் நகரவில்லை. நான் இவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். நான் திட்டினால் இவர் பாடுவார், அது கல்யாணமான நாளில் இருந்து உள்ள ஏற்பாடு. அன்று அந்தப் படத்தின் நினைவிலேயே இருந்ததால் அந்தப் படத்துப் பாட்டையே எடுத்தார்.

"வழியைக் காட்டிய விரலாலே, உன்
விழியை மூட வந்தேன், தம்பி.
தெரிந்தே நிற்பேன் நீ நின்ற இடத்தில்,
திரும்பிப் பாராதே, தம்பி."

நான் வாயை மூடினேன். தொடர்ந்து பாடுங்கோ என்றேன். எங்கள் இல்வாழ்க்கையில் நான் அப்படிக் கேட்டது அதுதான் முதல்தடவை. இவர் பயந்து, "உமக்கு ஏதும் சுகமில்லையோ?" என்று கேட்டார்.

உப்புப் பாத்தி நடுவே அவன் நடக்கிறபோது பின்னணியில் ஓடுகிற பாட்டு அது. அவன் வாய் திறக்காததற்குக் காரணம், திறக்கத் தேவையில்லை. எல்லாவற்றையும் பாட்டு சொல்லிவிட்டது. தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்த எவருக்கும் தெரிந்த சங்கதி. நானோ பொத்தானை அழுத்தி அழுத்தி அதை மறந்திருந்தேன். கண்டுபிடித்தது தான்தான் என்று இவர் இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். வழியைக் காட்டிய விரல் அவருடையதாம்.

திங்கட்கிழமை யாரிடமும் கேட்காமல் சட்டத்தை மீறினேன். பாட்டுக்கு எழுதுவது வசனத்துக்கு எழுதுவது போல் இல்லை. பாடகர் ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் பாடுவார், முதல் தடவை மட்டும் எழுத வேண்டும், மற்றத் தடவைகளில் திரையைச் சும்மா விட வேண்டும். குழல் வாசிக்கும்போது எழுத்து நிற்கக் கூடாது. எதுகையை விட்டுவிட்டுச் செய்தியை மட்டும் பிடிக்க வேண்டும். விரல், கண், தம்பி நின்ற இடம், இந்த மூன்றையும் ஆங்கிலத்தில் நிறுத்த எனக்கு ஒரு முழு நாள் எடுத்தது. சமீரா எட்டிப் பார்த்துவிட்டு, சுவரில் இருந்த அறிவித்தலைக் காட்டித் தன் கழுத்தில் கையால் வெட்டிக் காட்டினாள்.

செவ்வாய்க்கிழமை மிஸ்டர் தியோ வழக்கம்போல் சத்தத்தை நிறுத்தினார். வேறு படம் இல்லை, இதையே இன்னொரு தடவை பாருங்கள் என்றேன். கடைசிப் பகுதியில் இருந்து போட்டேன். நடை தொடங்கியது. அவர் மாண்டரினை எடுத்து நகத்தால் கீறினார். திரையின் அடியில் முதல் வரி வந்தது. தோல் பாதியில் நின்றது.

"யார் பேசுவது? அவன் வாய் மூடியிருக்கிறதே" என்று கேட்டார்.

பாட்டு என்றேன். அவர் என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். பிறகு சத்தத்தைப் போடச் சொன்னார். அந்த அறையில் பரீட்சை நேரத்தில் சத்தம் கேட்டது அன்றுதான் முதல்தடவை. பாட்டு முழுவதும் ஓடியது. அவன் நடந்து போய், வாசலில் நின்று, வருகிற லாரியை நேராகப் பார்த்தான். முன்பு தற்செயலாக அடிபட்டவன் இப்போது வேண்டுமென்றே நின்றான். ஒரு காட்சியும் மாறவில்லை, நான்கு வரி மட்டும் கூடியிருந்தது.

விளக்குப் போட்ட பிறகும் அவர் எழும்பவில்லை. பாடுகிறவர் யார், கதையில் எங்கேயும் காணோமே என்று கேட்டார். கதையில் அப்படி ஒருவரும் இல்லை, எங்கள் படங்களில் ஆள் பேச முடியாத நேரத்தில் பக்கத்தில் யாராவது நின்று பாடிவிடுவார்கள் என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "எங்களிடமும் இருந்தார்கள். மேடையில் ஒரு கூட்டம் நின்று பாடும். அவர்கள் பாட்டை வெட்டினால் நாடகமே இல்லை என்று நான் பரீட்சையில் எழுதி நல்ல புள்ளி வாங்கினேன்" என்றார். பிறகு எழுந்து போய்ச் சுவரில் இருந்த தன் அறிவித்தலைத் தானே கழற்றினார். இத்தனை வருடத்தில் எத்தனை பாட்டு போயிருக்கும் என்று மெதுவாகக் கேட்டார்.

அந்த முகத்தைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை. ஆனால் சும்மா இருக்கவும் என்னால் முடியாது. உயரத்தில் இருந்த ஒரு நல்ல மனுஷன், நல்ல எண்ணத்தில் ஒரு பிழை விட்டார், இப்போது அது தன் பிழை என்று அவருக்கே தெரிந்துவிட்டது, பழைய இலக்கணப்படி ஒரு குறையும் இல்லை மிஸ்டர் தியோ என்றேன். சமீரா வாயைப் பொத்தினாள். அவர் பாதி உரித்த மாண்டரினை என்னிடம் நீட்டினார். கங்காணிக்கு முதல் சனிக்கிழமை என்றார். இனி எல்லாப் பாட்டும் எழுத வேண்டும் என்றும் சொன்னார். அன்று எனக்கு வந்த சந்தோஷத்தில் அந்த இரண்டாவது வசனம் விளங்கவில்லை. அடுத்த படத்தில் எட்டுப் பாட்டு இருந்ததைப் பார்த்தபோது விளங்கியது.

இவ்வளவும் கேட்டுவிட்டு நிவேதா சிரித்தாள். "சரி ஆன்ட்டி, எழுதிடறேன். ஆனா நம்ம வீட்ல பாட்டு வந்தா யாரு பாக்கறாங்க? எங்கம்மாவே எழுந்து போயிடுவாங்க" என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால் படம் ஓடிய அந்தச் சனிக்கிழமை நடந்ததையும் அவளுக்குச் சொன்னேன்.

சிட்னியில் எங்களுக்குத் தெரிந்த அத்தனை வீட்டிலும் அன்று தொலைக்காட்சி ஓடியது, என் கணவரின் கைங்கரியம். நான் கதிரையின் நுனியில் இருந்து பார்த்தேன். பாட்டு வந்தது. என் நான்கு வரியும், இடையில் விட்ட வெறுமையும் சரியாக விழுந்தன. அவன் வாசலில் நின்றான். எனக்கு அழுகை வந்தது, பெருமையும் வந்தது. இவர் அடியில் ஓடிய ஆங்கிலத்தைச் சட்டை செய்யாமல் கூடவே பாடிக்கொண்டிருந்தார்.

படம் முடிந்த சூட்டோடு பொயிண்ட் குக்கில் இருந்து பவானி மச்சாள் போன் எடுத்தாள். குசினியில் பாத்திரம் உருட்டுகிற சத்தமும் கேட்டது.

"நல்ல படம் மச்சாள். ஆனா பாவம், கடைசியில அந்தாள் லொறியில அடிபட்டுச் செத்துப்போச்சு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரு கிரேக்கரோடு மல்லுக்கட்டி விரட்டிய சொல், என் சொந்த மச்சாள் வாயில் வந்து குந்தியிருக்கிறது. நீர் பாட்டுப் பார்க்கேல்லையோ என்று கேட்டேன்.

"பாட்டுக்குத்தானே நாங்கள் எழும்பித் தேத்தண்ணி போடுறது" என்றாள்.

எத்தனை வீட்டில் அந்த நேரம் தேநீருக்குக் கேத்திலில் தண்ணீர் கொதித்திருக்கும் என்று நினைத்தேன். நானும் இதே கூட்டத்தில் பிறந்தவள்தானே, கோபிக்க முடியவில்லை. எனக்குப் பாட வராது. இவர் போனுக்குக் கையை நீட்டி, தான் பாடுவதாகத் துள்ளினார். நான் போனைக் கொடுக்கவில்லை. என் கரகரத்த குரலில், மெட்டும் இல்லாமல் தாளமும் இல்லாமல், அந்த நான்கு வரியையும் போனுக்குள் பாடினேன்.

பாத்திரச் சத்தம் நின்றது.

"அப்ப, அவனுக்குத் தெரியுமோ?" என்று பவானி கேட்டாள்.

"ஓம் மச்சாள். தெரிஞ்சுதான் நிண்டவன்."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "தேத்தண்ணி ஆறிப்போச்சு" என்றாள்.